செயல்படாத கணக்கு

(உலகப் புற்றுநோய் தினத்தையொட்டி பிப்ரவரி முதல் ஞாயிறு மாலை நம் கம்யூனிட்டி ஹாலில் நான் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் செயலாளர் இதை இதழில் போடச் சொன்னார். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பேசித்தான் பழக்கம். அங்கே எங்கள் வசனம் மொத்தமே மூன்று. "டோக்கன் நம்பர் என்ன?" "கையெழுத்து ஒத்துப்போகலை." "சிஸ்டம் டவுன், மதியத்துக்கு மேல வாங்க." இன்று நான்காவதாக ஒன்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்குப் புற்றுநோய் வந்தது. வந்து, வைத்தியம் பார்த்து, இப்போது உங்கள் முன்னால் நிற்கிறேன். நடுவில் விமானம் போனால் நிறுத்திவிட்டுத் தொடர்கிறேன். பொழிச்சலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல.

உங்களில் பலருக்கு இது ஏற்கெனவே தெரியும். ஆனால் என் வாயால் இதுவரை சொன்னதில்லை. லிஃப்டில் பார்த்தால் "உடம்பு எப்படி இருக்கு சார்?" என்பீர்கள். நான் "பரவாயில்லை" என்பேன். இரண்டு பேருமே அந்த வார்த்தையைச் சொல்லாமல் இறங்கிப் போவோம். அதை இன்று சொல்லிவிடுகிறேன்: பெருங்குடலில் புற்றுநோய்.

ஓய்வு பெற்ற மறு வருடம் மலத்தில் ரத்தம் வந்தது. மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மருந்துக்கடையில் களிம்பு வாங்கினேன், காரத்தைக் குறைத்தேன், கருணைக்கிழங்கு சாப்பிட்டேன். இப்படியே ஆறு மாதம் ஓட்டினேன். கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடுகிறவன், உடம்பில் ரத்தம் போனதை ஆறு மாதம் தேடவில்லை. மனைவிதான் ஒருநாள், "ஏங்க, இன்னிக்கு டாக்டரைப் பார்த்துட்டுத்தான் காப்பி" என்று பிடிவாதமாக அழைத்துப் போனாள். கொலனாஸ்கோபி, பிறகு அறுவை சிகிச்சை, பிறகு ஆறு மாதம் கீமோ. உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். மூலமாகவே இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும்.

வைத்தியக் கதையை நான் நீட்டப் போவதில்லை. வைத்தியம் முடிந்த பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

வங்கியில் ஒரு விதி உண்டு. ஒரு சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் இரண்டு வருடத்துக்கு மேல் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்றால் அது 'செயல்படாத கணக்கு' ஆகிவிடும். பணம் பத்திரமாகத்தான் இருக்கும். வங்கி வட்டியும் போடும். ஆனால் அந்த வட்டி வரவு கணக்கில் சேராது. மற்றவர் போடுவதால் கணக்குக்கு உயிர் வராது. வாடிக்கையாளரே அடையாளச் சான்று கொடுத்து, என் கணக்கைத் திறந்து விடுங்கள் என்று கேட்க வேண்டும்.

நான் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். எல்லோரும் என் கணக்கில் அன்பாக வட்டி போட்டுக்கொண்டே இருந்தீர்கள். பி பிளாக்கிலிருந்து அருகம்புல் சாறு வந்தது. சி பிளாக்கிலிருந்து முருங்கைக்கீரை சூப் வந்தது. வட திருநள்ளாறு என்கிற நம் அகத்தீஸ்வரர் கோயிலில் எனக்காகச் சனிக்கிழமை தோறும் எள் தீபம் போட்டவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் யாரும் எனக்கு ஒரு வேலை கொடுக்கவில்லை. அதற்கு முன் சங்கத்தின் மெயின்டனன்ஸ் கணக்கை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க ரெஸ்ட் எடுங்க சார்" என்று நல்ல மனதோடு அதை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தீர்கள். நானும் சரி என்று கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து காலையில் எழுந்தால் அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவது மட்டுமே என் வேலை.

போன வருடம் ஒரு மாலை, நம் வளாகத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். "அங்கிள், நாங்க பசங்க எல்லாம் சேர்ந்து நம்ம கேம்பஸை சுத்தி ஒரு நடை வைக்கப்போறோம். புற்றுநோய் சிகிச்சைக்குப் பணம் திரட்டறதுக்கு. நீங்க நடக்க வேண்டாம். கணக்கு மட்டும் பார்த்துக்க முடியுமா?" என்றாள். கையில் அவளே அச்சடித்த ஒரு தாள். அதில் ஒரு பையனின் படம், ஒரு கால் செயற்கைக் கால். "இவர் யாரும்மா?" என்றேன். அவள் சொன்ன கதையைப் பிறகு நானும் தேடிப் படித்தேன். அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

டெர்ரி ஃபாக்ஸ். கனடா நாட்டுப் பையன், 1958ல் பிறந்தவர். கூடைப்பந்து விளையாட்டு வீரர். 1977ல், பதினெட்டு வயதில், முழங்கால் அருகே எலும்புப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பிழைக்க நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் அது பதினைந்துதான் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டு வருடத்தில் பதினைந்தை ஐம்பது ஆக்கியது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். அந்தக் கணக்கு பையனின் மனதில் பதிந்துவிட்டது. கீமோவுக்குப் போன இடத்தில் தன்னைவிடச் சின்னக் குழந்தைகள் படும் பாட்டையும் பார்த்தார்.

சுமார் ஒன்றேகால் வருடம் பயிற்சி எடுத்தார். 1980 ஏப்ரல் 12ஆம் தேதி, கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். மேற்கே பசிபிக் கடல் வரை ஓடுவதாகத் திட்டம். தினம் ஏறக்குறைய ஒரு மராத்தான் தூரம், 42 கிலோமீட்டர். பல்லாவரத்தில் புறப்பட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் போய்ச் சேருகிற தூரத்தை ஒற்றைக் காலும் ஒரு செயற்கைக் காலுமாகத் தினமும் ஓடுவதாக நினைத்துப் பாருங்கள்.

தனி மனிதனின் சாதனை என்றுதான் இதைப் படிக்கிறோம். ஆனால் அவர் பின்னால் ஒரு வேன் போயிற்று. அதை ஓட்டியவர் டக் ஆல்வர்ட் என்ற நண்பர். சாப்பாடும் தண்ணீரும் அவர் பொறுப்பு. சில வாரத்தில் தம்பி டாரெலும் வந்து சேர்ந்துகொண்டார். ஓடினவர் ஒருவர். ஓட வைத்தது ஒரு குழு. வேனில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. என் இடம் அதுதான் என்று தோன்றியது.

ஆரம்பத்தில் பல இடங்களில் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. வசூலும் இல்லை. போர்ட் ஓ பாஸ்க் என்று ஒரு சிற்றூர். சுமார் பத்தாயிரம் பேர் வசிக்கும் ஊர். அந்த ஊரே சேர்ந்து பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! அங்கேதான் அவர் இலக்கு தெளிவானது. கனடாவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். நிறுவனங்கள் தங்கள் பொருளுக்கு விளம்பரம் செய்யச் சொல்லி வந்தபோது மறுத்துவிட்டார். தன் ஓட்டத்தால் யாரும் லாபம் பார்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1ஆம் தேதி, தண்டர் பே நகரத்துக்குப் பக்கத்தில், இருமலும் நெஞ்சு வலியுமாக ஓட்டத்தை நிறுத்தினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அதுவரை திரண்டது 17 லட்சம் டாலர். அவர் படுக்கையில் இருந்தபோது நாடே பணம் அனுப்பியது. 1981 பிப்ரவரியில் தொகை 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. அப்போது கனடாவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அதே எண். கணக்கு டேலி ஆகிவிட்டது. அந்த ஜூன் 28ஆம் தேதி அவர் காலமானார். இருபத்து மூன்று முடிய ஒரு மாதம் இருந்தது.

அதே வருடம் செப்டம்பரில் அவர் பெயரில் முதல் ஓட்டம் நடந்தது. மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். 35 லட்சம் டாலர் சேர்ந்தது. இன்றுவரை அவர் பெயரில் திரண்டது 80 கோடி டாலருக்கும் மேல். நம் சென்னையிலும் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர்கள் இந்த ஓட்டத்தை நடத்தியிருக்கிறார்கள்.

இனி நம் கதை. நம் வளாகத்தில் உள் சாலையை ஒரு சுற்று வந்தால் சுமார் 400 மீட்டர். நடக்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு ஆதரவாளர்களைப் பிடிக்க வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ அவர்கள் தருவார்கள். நான் கணக்கு எழுத ஒப்புக்கொண்டேன். ஆனால் மூன்று நிபந்தனை போட்டேன். ஒன்று, யாருடைய சொந்த நம்பருக்கும் பணம் வரக் கூடாது. சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு, அதில் இரண்டு பேர் கையெழுத்து. இரண்டு, பத்து ரூபாய்க்கும் எண்ணிட்ட ரசீது. மூன்று, பேனர், தண்ணீர், மோர் எல்லாம் குழுவினர் கைக்காசு. வசூலிலிருந்து ஒரு ரூபாய் செலவுக்குப் போகக் கூடாது. பசங்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களே என்னைவிடக் கறாராகிவிட்டார்கள். ஆறாவது படிக்கும் ஒரு பையன் என் மனைவியிடமே, "ஆன்ட்டி, ரசீது வாங்காம போகாதீங்க" என்றான்.

நடை நடந்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், சில்லறை டப்பா. இரண்டு வருடம் கழித்து எனக்கு ஒரு கவுண்டர் கிடைத்தது. வெயில் ஏறிய பிறகு அந்தப் பெண் வந்து, "அங்கிள், ஒரே ஒரு ரவுண்டு" என்றாள். ஒரு ரவுண்டு என்று போனவன் நான்கு சுற்று வந்தேன். இரண்டாவது சுற்றில் பி பிளாக் பெண்மணி ஒருவர் பக்கத்தில் நடந்துகொண்டே, "சார், எனக்கும் ஆறு வருஷம் முன்னாடி மார்பில வந்தது. இங்க யாருக்கும் தெரியாது" என்றார். ஆறு வருடமாக ஒரே லிஃப்டில் போய் வந்தவர்கள் நாங்கள்.

அன்று ராத்திரி ரொக்கத்தை எண்ணினேன். 21,370 ரூபாய். ரசீதுகளைக் கூட்டினால் 21,360. பத்து ரூபாய் அதிகம். வங்கியாக இருந்தால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் வீடு வீடாகக் கேட்டேன். மூன்றாம் நாள் நம் வளாகத்தைப் பெருக்க வரும் அம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான்தான் சார் போட்டேன். நீங்க நடக்கப் போயிருந்தீங்க, டப்பா திறந்து கிடந்துது" என்றார். அவர் வீட்டுக்காரர் புகையிலை போட்டு வாயில் புற்றுநோய் வந்து இறந்தவராம். "பேரெல்லாம் எழுத வேணாம் சார்" என்றார். 213ஆம் எண் ரசீதை 'நலம் விரும்பி' என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஆன்லைனில் வந்த 62,100 ரூபாயையும் சேர்த்து மொத்தம் 83,470. காசோலையாக எழுதிக்கொண்டு நாங்கள் நான்கு பேர் பல்லாவரத்தில் ரயிலேறி, கிண்டியில் இறங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம். அந்த இடத்தின் கதையை அன்று அந்தப் பசங்களுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் ஒரு குழு சேர்ந்து பணம் திரட்டிய கதைதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923ல் மலக்குடல் புற்றுநோயால் இறந்துபோனார். ஆரம்பத்தில் வேறு ஏதோ வயிற்றுக் கோளாறு என்று எண்ணித்தான் வைத்தியம் நடந்தது. படிக்கும்போது எனக்கு என் களிம்பு ஞாபகம் வந்தது. தங்கையைப் பறிகொடுத்த அந்த அம்மா, சென்னையில் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல வருடம் போராடினார். இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள் 1949ல் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி மருத்துவமனை தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள். முத்துலட்சுமி அம்மாவின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே உழைத்தார். மறு வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். எழும்பூர் அரசு மருத்துவமனை வேலை கையில் இருந்தும் இங்கே வந்தவர். 2021 ஜனவரியில் 93 வயதில் மறையும் வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு.

காசோலையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மருத்துவமனை வாசலில் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் பையும் தூக்குவாளியுமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கொண்டுபோன பணம் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் எவ்வளவு சின்னது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ரயிலில் யாரும் அதிகம் பேசவில்லை. பல்லாவரத்தில் இறங்கும்போதுதான் அந்தப் பெண், "அடுத்த வருஷமும் பண்ணணும் அங்கிள்" என்றாள்.

இந்த வருடமும் நடத்தலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது சிலர் கேட்ட கேள்விகள் நியாயமானவை. "லிஃப்ட் ரிப்பேருக்கே காசு இல்லை, வெளியே எதுக்குக் கொடுக்கணும்?" என்றார்கள். லிஃப்டுக்கு மெயின்டனன்ஸ் இருக்கிறது, அது கடமை. இது விருப்பம். இரண்டும் வேறு வேறு லெட்ஜர். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற நான் விட மாட்டேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து நம் ஊருக்குள் வந்தபோது, முன்பின் தெரியாதவர்கள் பாலும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் ஊரிலும் ஏதாவது ரிப்பேர் இருந்திருக்கும்.

வரிச்சலுகை பற்றியும் கேட்டார்கள். சங்கம் மொத்தமாகக் கொடுத்தால் சான்று சங்கத்தின் பெயரில்தான் வரும். எனவே 80ஜி வேண்டுகிறவர்கள் அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு நேரடியாக, தங்கள் பான் எண்ணோடு அனுப்புங்கள். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இது பயன்படும். அனுப்பிய விவரத்தை எனக்குச் சொன்னால் நம் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னொருவர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "இதெல்லாம் செஞ்சா உங்களுக்குத் திரும்ப வராதா சார்?" கிண்டல் இல்லை, அக்கறையாகவே கேட்டார். வரலாம். டெர்ரிக்கு வந்தது. எனக்கு அடுத்த ஸ்கேன் சித்திரையில். அந்த வாரம் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது. போன தடவையும் அப்படித்தான். பணம் திரட்டுவதால் பயம் போவதில்லை. ஆனால் இப்போது காலையில் எழுந்தால் ஸ்கேனுக்கு எத்தனை நாள் என்று எண்ணுவதில்லை. இன்னும் எத்தனை ரசீதுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

நோயிலிருந்து மீண்ட எல்லோரும் என்னைப் போல மேடையேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அதைப் பேசாமல் இருப்பதுதான் நிம்மதி. பி பிளாக் பெண்மணி இன்றும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் பெயரை நானும் சொல்ல மாட்டேன். நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், வைத்தியம் முடிந்து யாராவது உட்கார்ந்திருந்தால், சூப் கொடுங்கள், கோயிலில் விளக்குப் போடுங்கள், கூடவே ஒரு வேலையும் கொடுங்கள். சின்ன வேலையாக இருக்கட்டும். முடியாது என்றால் அவரே சொல்லட்டும். அவருக்குப் பதில் நீங்கள் சொல்லாதீர்கள்.

இரண்டாவது நடை மார்ச் கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு. பிளாக்குக்கு இரண்டு பேர் பொறுப்பெடுக்க வேண்டும். மோர் கரைக்க ஆள் வேண்டும். சுற்று எண்ணுவதற்குப் பெரியவர்கள் நான்கு பேர் வேண்டும், உட்கார்ந்தே செய்யலாம். நடக்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. போன வருடக் கணக்கு முழுவதும், 213 ரசீது விவரத்தோடு, நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. தப்பு இருந்தால் வந்து சொல்லுங்கள்.

என் கவுண்டர் காலை ஐந்தரைக்குத் திறக்கும். சிஸ்டம் டவுன் என்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன்.